கல் பாலிஷ்காரர் லைனில் இருக்கிறார்

கல் பாலிஷ்காரர் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டு, லைனில் காத்திருக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு நகம் வளரவில்லை. தாடியும் வளரவில்லை. இருமலும் நின்றுபோனது. இதை முதலில் கவனித்தது அவர் மனைவிதான். ஆனால் அதை அவள் அதிசயம் என்று நினைக்கவில்லை. தனக்குத் தெரியாமல் மனுஷன் ரகசியமாகச் சவரம் செய்துகொள்கிறார் என்றுதான் நினைத்தாள். யாருக்காக இந்த அலங்காரம் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. சவரக் கத்தியை எடுத்துப் பட்டன் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். அதற்கப்புறமும் தாடி வளரவில்லை.

அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவள் தொழில் அப்படி. வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷின் போட்டு ஆல்ட்டரேஷன் வேலை செய்துவந்தாள்: பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, பல் போன ஜிப்பை மாற்றுவது. இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தன் இடுப்பளவை உண்மையாகச் சொல்கிற மனிதப் பிறவி கிடையாது. துணி சுருங்கிவிட்டது என்பார்கள், போன தையல்காரன் கெடுத்துவிட்டான் என்பார்கள், துணி எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்கிற தைரியத்தில். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டேப்பை எடுத்துத் தானே அளந்துகொள்வாள். தெருவில் அவளுக்கு அளவுக்காரி என்றே பேர். வியாபாரத்தில் வந்த சந்தேகம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்து, பால்காரர், பக்கத்து வீடு, புருஷன், புருஷனுடைய அக்கா என்று ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் டேப் பிடித்தது.

புருஷன் கட்டடங்களுக்குத் தரைக்கல் பாலிஷ் போடுகிறவர். முழங்காலிட்டு மிஷினைத் தள்ளித் தள்ளி, ஊரில் பாதிப் பேர் வழுக்கி விழுகிற அளவுக்குத் தரைகளைப் பளபளவென்று ஆக்கியவர். அந்தத் தூளெல்லாம் எங்கே போயிற்று என்று அவரும் யோசிக்கவில்லை, வேலை கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர்தான் எல்லாம் நுரையீரலில் இருக்கிறது என்று சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த மழைக்காலம் சந்தேகம்தான் என்று அவளிடம் தனியாகச் சொன்னார். வாழ்க்கையில் அவள் சந்தேகப்படாமல் கேட்டுக்கொண்ட ஒரே பேச்சு அதுதான், ஏனென்றால் அவருடைய சட்டைகளை மாதாமாதம் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தது அவள் கைதான். தொழிலால் வந்த நோய்க்கு அரசாங்கத்தில் உதவித்தொகை உண்டு, ஆள் போனபிறகு மனைவிக்கும் வரும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர் எண் அச்சிட்ட படிவத்தில் விண்ணப்பம் எழுதி, அந்த எண்ணை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, தபாலில் போட்டார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. உறைமேல் 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்று முத்திரை குத்தியிருந்தது.

முகவரி இல்லாமல் எங்கே போகும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று மாடியில் மலை மாதிரி நிற்கிற கட்டடம். மறுபடி போட்டார்கள், பதிவுத் தபாலில் போட்டார்கள், ஒப்புகைச் சீட்டு வைத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றும் அதே முத்திரையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக அவளே உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய், அந்தக் கட்டடத்து வாசலில் நின்று பார்த்தாள். வாசலில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். நேரில் யாரையும் பார்ப்பதில்லை, தபாலில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் போன் செய்யுங்கள் என்றார். தபால் திரும்பி வருகிறதே என்றாள். அப்படியானால் போன் செய்யுங்கள் என்றார். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் மேலே நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்படித்தான் பாலிஷ்காரர் போனைக் கையில் எடுத்தார். ஆரம்பத்தில் எப்போது போட்டாலும் லைன் பிஸி. ஒருநாள் அடித்தது. எடுத்தது ஒரு பதிவுக் குரல், இழைத்து வைத்த மரம் மாதிரி வழவழப்பான பெண் குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து லைனில் இருக்கவும் என்று சொல்லி, அவருக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னது. ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை அளவுக்கு இருந்தது அது. பிறகு ஒரு பாட்டு, வார்த்தை இல்லாத வெறும் மெட்டு. அவரும் ஆகட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, பசிக்கவில்லை என்றார். படுக்கிற நேரம் வந்தது, தூக்கம் வரவில்லை என்றார். லைனை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அவள் பங்குக்கு ஒரு தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தாள். அது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இதுவரை அந்தப் போனை யாரும் கீழே வைக்கவில்லை.

விஷயம் அவளுக்குப் புரிந்தது டேப்பால்தான். வாரம் ஒருமுறை, அவர் அறியாதபடி சட்டைக்கு அளவு பார்க்கிற சாக்கில் அவர் மார்பளவை எடுப்பாள். நோய் வந்தபிறகு ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்த அளவு, அவர் லைனில் உட்கார்ந்தபிறகு அப்படியே நின்றது. டேப் இழுபட்டு நீண்டிருக்கும் என்று சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினாள். அதுவும் அதையே சொன்னது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் ஒன்று வாங்கினாள். கடைசியில் ஒருநாள், அவர் குளிக்கப் போனபோது லைன் போகாமலிருக்க ரிசீவரைத் தன் காதில் இடுக்கிக்கொண்டு ஒரு பேன்ட்டின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி விரலில் நன்றாக ஏறிவிட்டது. வலிக்கவில்லை, ரத்தமும் வரவில்லை. குளியலறையிலிருந்து அவருடைய பழைய இருமல் கேட்டது. வயரை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் ரிசீவரை அவருடைய ஈரக் காதில் வைத்தாள். அவர் இருமல் நின்றது, அவள் விரலில் ரத்தம் முத்தாகத் துளிர்த்தது. அவள் அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லைனில் இருக்கிற ஆளுக்குக் காலம் ஓடுவதில்லை.

அன்றைக்கே பழைய கம்பளித் தொப்பி ஒன்றைப் பிரித்து, காதுப் பக்கம் ரிசீவர் உட்காருகிற மாதிரி ஒரு பை தைத்து, தாடைக்கு எலாஸ்டிக் வைத்து அவர் தலையில் மாட்டினாள். லைன்மேனைப் பிடித்து வயரை ஜன்னல்வரை நீட்டிக்கொண்டாள். குளியலை நிறுத்தி ஈரத் துணியால் துடைத்துவிடுவதோடு சரி. டாக்டர் சொன்ன மழைக்காலம் வந்தது, பெய்தது, போனது. அடுத்ததும் வந்தது. பாலிஷ்காரர் தொப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காதால் மெட்டையும் மறு காதால் தெருவையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்தேகம் என்ன அவள் ஒருத்திக்கே எழுதிக்கொடுத்த சொத்தா. பாலிஷ்காரருடைய அக்கா, சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், வாரக் கடைசியில் வந்து தம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தம்பியைப் போனில் கட்டிப்போட்டு இவள் ஏதோ காரியம் சாதிக்கிறாள் என்பது அவள் கணக்கு. தம்பிக்கு நரைக்கவில்லை, தனக்கு நரைத்துக்கொண்டே போகிறது என்று தெரிந்ததும் கணக்கு மாறியது.

"ஏம்மா, என் முட்டி வலிக்கு அந்தப் போனைக் கொஞ்ச நேரம் குடேன்" என்றாள்.

"கொஞ்ச நேரம் நீங்க வச்சிருந்தா அந்தக் கொஞ்ச நேரம் இவருக்கு இருமல் வந்துடும் அண்ணி" என்றாள் அளவுக்காரி.

அக்கா அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் அளவுக்காரி கடைக்குப் போகும்போதெல்லாம் போனைத் துணியால் சுற்றித் தையல் போட்டுவிட்டுத்தான் போனாள்.

மாடி வீட்டில் ஓய்வு பெற்ற மீட்டர் ரீடர் ஒருவர் குடியிருந்தார். வேலையில் இருந்தபோது யார் வீட்டில் மின்சாரம் திருடுகிறார்கள் என்று மோப்பம் பிடித்தே பழகிய மனிதர், அந்த மூக்கு ஓய்வு பெறவில்லை. கீழ் வீட்டில் ஒரு ஆள் வேலைக்குப் போகாமல், இருமாமல், கிழண்டுபோகாமல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நோயாளி என்று அரசாங்கத்தில் பணம் கேட்கிறார். இது மோசடி இல்லாமல் என்ன. கழிவுநீர்க் குழாயில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். ஒரு மெட்டுதான் கேட்டது. நல்ல குடிமகனாக அவர் உதவித்தொகை அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது குரல். புகாரை வாயில் வைத்துக்கொண்டே அவரும் லைனில் நின்றார். அவருக்கு வழுக்கை விழுந்துகொண்டிருந்தது நின்றுவிட்டதை அவருடைய வீட்டுக்காரி கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்கப்புறம் மாடிப்படியில் அளவுக்காரியைப் பார்த்தால் அவருடைய வீட்டுக்காரி கண்ணைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனாள். தொப்பிக்கு என்ன கம்பளி வாங்கினாய் என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்கவும் செய்தாள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது அந்தப் பதிவுக் குரல்தான். முன்னால் இருப்பவர்களின் எண்ணிக்கையை அது நாளுக்கு நாள் குறைத்துச் சொல்லிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் ஒரு ஆள் குறைந்தால் இருவரும் சந்தோஷப்பட்டார்கள். டேப் கதை தெரிந்தபிறகு, ஒரு ஆள் குறைந்தாலும் அவளுக்குத் திக்கென்றது. யாராவது போனை எடுத்துப் பேசி, தொகையைக் கொடுத்து, நன்றி சொல்லி வைத்துவிட்டால் என்ன ஆகும். மறுபடி போட்டால் பிஸி, பிஸி, பிஸிதான். அதற்குள் மழை வந்துவிடும். ஒரு காலத்தில் அந்த அலுவலகத்தில் ஒருத்தரும் வேலை செய்வதில்லை என்று திட்டியவள், இப்போது அவர்கள் வேலை செய்கிறார்களோ என்று பயந்தாள். உலகத்தில் இப்படி ஒரு வேண்டுதலை யாரும் வைத்திருக்க மாட்டார்கள், அரசாங்க ஊழியர்கள் இன்னும் கொஞ்சம் சோம்பேறியாக இருக்க வேண்டும் என்று.

அந்தச் சமயத்தில்தான் பாலிஷ்காரர் தனக்குள் முணுமுணுப்பது அவள் காதில் விழுந்தது. அவள் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார். சந்தேகம் நேராகப் பதிவுக் குரல்காரியிடம் போனது. ராவும் பகலும் காதுக்குள் ஒருத்தி முக்கியம் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த ஆம்பிளைதான் தாங்குவான். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டாள். அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது காதல் வசனம் இல்லை. வணக்கம், என் தொழில் கல் பாலிஷ், என் விண்ணப்ப எண் இது, எனக்குப் பிறகு தொகையை என் மனைவி பேருக்கு மாற்றித் தர வேண்டும், நான் அதிக நாள் இருக்க மாட்டேன், என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போய் அவர் முன்னால் நின்றாள்.

"எப்போ எடுப்பாங்க, எப்போ கிளம்பலாம்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. அப்படித்தானே?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். தொப்பிக்குள்ளிருந்து மெட்டு மெல்லக் கேட்டது.

"உனக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போகணும்ல. நான் வாங்குன நோய், அதுக்கு நீ ஊசி பிடிச்சிட்டே இருக்கணுமா? இன்னும் எத்தனை நாள்தான் ஒத்தைக் காதோட உன்கூடக் குடும்பம் நடத்துறது?"

"ஒத்தைக் காது போதும் எனக்கு" என்றாள் அவள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். அவரும் அழுதார், ஆனால் லைனில் இருந்ததால் கண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. நாத்தனார்மேல் இருந்த சந்தேகம் போய், மீட்டர் ரீடர்மேல் இருந்த சந்தேகம் போய், எல்லாச் சந்தேகமும் ஒன்றாகத் திரண்டு புருஷன்மேல் வந்து நின்றது. தன்னைக் கேட்காமல் அவர் பேசிவிடுவார், பேசி முடித்துப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் மெட்டு நின்றது. மிஷின் சத்தத்திலும் அது அவளுக்குக் கேட்டது. வணக்கம், ரொம்ப நேரம் காக்க வச்சதுக்கு மன்னிக்கணும், என்ன உதவி வேணும், என்று ஒரு பெண் கேட்டாள். பதிவுக் குரல் இல்லை. மூச்சு வாங்கிப் பேசுகிற, உயிருள்ள குரல். பாலிஷ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, வணக்கம், என் தொழில் கல் பாலிஷ் என்றார். அதற்குள் அவள் பாய்ந்து வந்து தொப்பியோடு சேர்த்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்கம்மா. விண்ணப்ப நம்பர் எழுதின காகிதத்தைத் தேடி எடுத்துட்டு வரேன்."

காகிதம் மிஷின்மேல் கத்தரிக்கோலுக்கு அடியில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அவர் அதைக் கையால் காட்டினார். அவள் அதன்மேல் ஒரு பேன்ட்டை மடித்துப் போட்டாள். பிறகு தொப்பியைத் திரும்ப அவர் தலையில் மாட்டி, எதிரே உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவர்கள் காத்திருந்தார்கள், இப்போது காத்திருப்பது எதிர்முனை. இதற்கும் அந்த விதி செல்லுமா என்பது ஒருவருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்தது. இருமல் வரவில்லை. செல்லும் என்று தெரிந்தது.

அழைத்தவர் வைக்காமல் அலுவலகம் வைக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. மறுநாள் காலையில் அவளுக்கு மனசு உறுத்தி, காகிதம் இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னாள். பரவாயில்லைம்மா, மெதுவாகத் தேடுங்கள் என்றாள் அந்தப் பெண். அடுத்த நாளும் அந்தப் பெண் அதையே சொன்னாள். அளவுக்காரிக்குச் சுருக்கென்றது. எந்த அலுவலகத்தில் இப்படிப் பேசுவார்கள், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, போனை இழுத்தடித்து ஆளைப் பிடிக்க வருகிறார்கள். அவர் காதோடு தன் காதை ஒட்டவைத்துக்கொண்டு, கறாரான குரலில், வீட்டுக்குப் போக வேண்டாமா உங்களுக்கு என்று கேட்டாள்.

எதிர்முனையில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தப் பிரிவுல நான் ஒருத்திதான்மா மிச்சம். வயித்துல கட்டின்னு சொல்லியிருக்காங்க, முத்திப்போச்சாம். வலியோடதான் தினமும் வந்துட்டு இருந்தேன். உங்க லைனை எடுத்து நீங்க இருக்கச் சொன்னதிலிருந்து வலி இல்லை. ஏன்னு தெரியல. எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு. தயவு பண்ணி வச்சுடாதீங்கம்மா."

அளவுக்காரி வாய் திறப்பதற்குள் பாலிஷ்காரர் பேசினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், மனைவி அழுதும் மனம் மாறாத மனுஷன், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, காகிதத்தை எங்கே வச்சோம்னே தெரியலம்மா, நாளாகும் போலிருக்கு, நீங்க இருங்க என்றார். கட்டிய பெண்டாட்டிக்காக இருக்க மாட்டேன் என்றவர் முகம் தெரியாத ஒருத்திக்காக ஒரே பேச்சில் இருக்கச் சம்மதித்ததை அளவுக்காரி இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவர் எலும்பு உறுத்த உறுத்த வெகுநேரம் அப்படியே இருந்தாள். அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் இன்னும் லைனில்தான் இருக்கிறார்கள், மாடி வீட்டு மீட்டர் ரீடர் உட்பட. பணம் ஒருத்தருக்கும் வரவில்லை, ஒருத்தரும் போகவும் இல்லை. ஊரில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தவர் கட்டில் செய்யப் போய்விட்டார். உதவித்தொகை அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, மேஜை நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், ஒரு மேஜையையும் ஒரு போனையும் அந்தப் பெண்ணையும் மட்டும் சட்டப்படி அங்கேயே விட்டுப் போனார்கள். அவளுடைய குழந்தை வளர்ந்து, இப்போது அதே பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் தினமும் சாலையைக் கடந்து போய், தன்னைவிட இளையவளாக இருக்கிற அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறது. அளவுக்காரி தொப்பியைப் பிரித்து இரண்டு தலை நுழைகிற மாதிரி அகலமாகத் தைத்திருக்கிறாள். சாயங்காலம் மிஷினை மூடியதும் அவளும் போய் அதற்குள் தலையைக் கொடுத்துக்கொள்கிறாள், அதனால் வேலை நேரத்தில் மட்டும்தான் அவளுக்கு வயதாகிறது. காகிதம் கிடைத்ததா என்று அந்தப் பெண் தினமும் ஒருதரம் முறைப்படி கேட்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இவர்கள் சொல்கிறார்கள். காகிதம் கத்தரிக்கோலுக்கு அடியில்தான் இருக்கிறது. தூசு தட்டும்போது அளவுக்காரி அதை எடுத்து, ஒரு உதறு உதறி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறாள்.